டைனமோவுக்குப் பதில் ஆல்டர்நேட்டர் – அம்பாசடர் காரில் நம் இயற்பியல் பாடம்

(அறிவியல் பக்கம். எழுதியவர்: 9-ஆம் வகுப்பு மாணவி)



'மின்காந்தத் தூண்டல் பாடத்தைப் படிச்சு என்ன பண்ணப் போறோம்?' என்று வகுப்பில் நிறைய பேர் கேட்கிறீர்கள். அந்தப் பாடம் நம்ம ஊர் ரோட்டில் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பழைய அம்பாசடர் காரின் பானெட்டைத் திறந்தால் ஃபாரடேயும் இருக்கிறார், ஓமும் இருக்கிறார். இரண்டு பேரையும் மதிக்காமல் வயரைச் சுற்றினால் என்ன ஆகும் என்பதையும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் கடைசி வரை படியுங்கள்.

முன்னுரை

அம்பாசடர் கார் மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியில் தயாரானது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைப் பார்த்துச் செய்யப்பட்ட வண்டி இது. 1950-களின் கடைசியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோனது. ஆனால் வண்டிகள் நிற்கவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் கல்யாண ஊர்வலத்துக்கு மாலை போட்ட அம்பாசடரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பழைய அம்பாசடர்களில் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஒரு டைனமோவும் இருந்தன. பிற்காலத்து வண்டிகளில் கம்பெனியே ஆல்டர்நேட்டர் வைத்து அனுப்பியது. அதனால் பழைய வண்டிக்காரர்கள் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்நேட்டர் மாட்டிக்கொள்கிறார்கள். சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனி டைனமோவும் செய்தது, ஆல்டர்நேட்டரும் செய்கிறது. அதனால் நம் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு இரண்டுமே பழக்கம்.

பேட்டரி இருக்கும்போது டைனமோ எதற்கு?

பேட்டரி ஒரு உண்டியல் மாதிரி. போட்டால்தான் எடுக்க முடியும். செல்ஃப் மோட்டார், ஹெட்லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் எடுத்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஃபேன் பெல்ட் வழியாக டைனமோ சுற்றி, எடுத்ததைத் திரும்பப் போடுகிறது.

1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்ததுதான் இதற்கு அடிப்படை. ஒரு கம்பிச்சுருளோடு சேர்ந்த காந்தப்புலம் மாறினால் அந்தச் சுருளில் மின்னியக்கு விசை உண்டாகும். காந்தம் அசைந்தாலும் சரி, சுருள் அசைந்தாலும் சரி. இந்த 'அசைந்தாலும் சரி' என்பதில்தான் டைனமோவுக்கும் ஆல்டர்நேட்டருக்கும் உள்ள வித்தியாசமே இருக்கிறது.

டைனமோவில் காந்தப்புலம் வெளியே சும்மா நிற்கும். நடுவில் கம்பிச்சுருள் (ஆர்மேச்சர்) சுற்றும். மின்சாரம் சுற்றுகிற சுருளில் உண்டாவதால், அதை வெளியே எடுக்கக் கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷும் வேண்டும். பாடத்தில் பிளவு வளையம் என்று படித்தோமே, அதுதான் கம்யூட்டேட்டர். 22 ஆம்பியர் வந்தால் அந்த 22 ஆம்பியரும் பிரஷ் வழியாகத்தான் போகணும். அதனால் பொறி பறக்கும், பிரஷ் தேயும்.

ஆல்டர்நேட்டரில் இதைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். நடுவில் சுற்றுவது மின்காந்தம் (ரோட்டார்). வெளியே அசையாமல் இருப்பது கம்பிச்சுருள் (ஸ்டேட்டர்). ரோட்டாரைக் காந்தமாக்க ஏறக்குறைய 3 ஆம்பியர் இருந்தால் போதும். அந்தச் சின்ன மின்னோட்டம் மட்டும் நழுவு வளையம் வழியாக உள்ளே போகும். பெரிய மின்னோட்டம் அசையாத சுருளிலிருந்து நேராக வெளியே வரும். ஆனால் அது மாறுதிசை மின்னோட்டம், பேட்டரிக்கு வேண்டியது நேர்திசை. அதற்காக உள்ளேயே டயோடுகள் இருக்கின்றன. டயோடு என்பது ஒருவழிப்பாதை, ஒரு பக்கம்தான் விடும்.

இந்த ஒருவழிப்பாதையால் இன்னொரு லாபமும் உண்டு. டைனமோ நின்றிருக்கும்போது பேட்டரி மின்சாரம் திரும்பி அதற்குள்ளேயே ஓடிவிடும். அதைத் தடுக்கத்தான் பழைய வண்டியில் 'கட்டவுட்' என்று ஒரு பெட்டி இருக்கும். ஆல்டர்நேட்டரில் டயோடே தடுத்துவிடுவதால் அந்தப் பெட்டிக்கு வேலை இல்லை. நல்ல சிலிக்கான் டயோடு மலிவாகக் கிடைத்த பிறகுதான் ஆல்டர்நேட்டர் கார்களுக்கு வந்தது. அமெரிக்காவில் 1960-ல் கிரைஸ்லர் கம்பெனி வேலியன்ட் காரில் அதை வைத்து விற்றது.

ஏன் மாற்றுகிறார்கள்? ஒரு கணக்கு

ராத்திரி, மழை, முன்னால் லாரி. அப்போது என்னென்ன எரியும் என்று கூட்டிப் பார்ப்போம்.

ஹெட்லைட் 2 (60 வாட் ஹாலஜன்) – 120 வாட்
பின் விளக்கு, பார்க்கிங் விளக்கு – 20 வாட்
பிரேக் விளக்கு 2 – 42 வாட்
வைப்பர் – 36 வாட்
எஞ்சினின் இக்னிஷன் காயில் – 42 வாட்
மொத்தம் – 260 வாட்

மின்னோட்டம் = திறன் ÷ மின்னழுத்தம் = 260 ÷ 12 = 21.7 ஆம்பியர்.

டைனமோ கொடுப்பதே 22 ஆம்பியர்தான்! அதுவும் வேகமாக ஓடினால்தான் கொடுக்கும். பேட்டரிக்குப் போட ஒன்றும் மிச்சமில்லை. 36 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் என்றால் 14 ஆம்பியர் மிச்சம் இருக்கும்.

வண்டி சிலோ ஸ்பீடில் நிற்கும்போது டைனமோ கிட்டத்தட்ட ஒன்றுமே தராது, ஹெட்லைட் மங்கிவிடும். ஆல்டர்நேட்டர் அப்போதும் ஓரளவு தரும். ஏன்? உங்கள் வீட்டில் கால்மிதி தையல் மெஷின் இருந்தால் பாருங்கள். கீழே பெரிய சக்கரம், மேலே சின்ன சக்கரம். பெரியது ஒரு சுற்று சுற்றுவதற்குள் சின்னது பல சுற்று சுற்றிவிடும். அதே மாதிரி எஞ்சின் புல்லி 12 செ.மீ., ஆல்டர்நேட்டர் புல்லி 6 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றும்போது ஆல்டர்நேட்டர் 1600 சுற்று சுற்றும். டைனமோவை இப்படி வேகமாகச் சுற்றவிட முடியாது. எஞ்சின் முழு வேகம் எடுக்கும்போது ஆர்மேச்சர் கம்பிகள் வெளியே பிதுங்கிவிடும்.

நடந்த ஒரு சம்பவம்

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் எங்கள் தெருவில் உள்ள ஒரு பெரியப்பா. சொந்தப் பெரியப்பா இல்லை, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவரிடம் 1978-ஆம் வருஷத்து அம்பாசடர் ஒன்று இருக்கிறது. கல்யாணம், காரியம், ஆஸ்பத்திரி என்று எதற்குக் கூப்பிட்டாலும் வருவார். ஷூ கம்பெனியில் ராத்திரி யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலும் அவர் வண்டிதான்.

போன வருஷம் வெளியூரில் ஒரு கடையில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்நேட்டர் போட்டுக்கொண்டு வந்தார். 'இனிமே லைட்டு பகல் மாதிரி எரியும்'னு சந்தோஷமா சொன்னார். எரியவும் செய்தது. அடுத்த மாதம் ஒரு ராத்திரி, பிரசவ வலி எடுத்த ஒரு அக்காவை ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் போனார். ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். மாதனூர் தாண்டிப் பள்ளிகொண்டா வருவதற்குள் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை. வயர் தீயும் நாற்றம். வண்டியை ஓரம் கட்டி, பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு 108-க்குப் போன் செய்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அந்த அக்காவும் குழந்தையும் நல்லா இருக்காங்க. ஆனால் பெரியப்பா ஒரு வாரம் வண்டியைத் தொடவே இல்லை. "இந்தப் புது மெஷினே வேணாம் தம்பி, பழைய டைனமோவையே மாட்டிக் குடுத்துடு" என்று எங்கள் மாமாவிடம் வந்து நின்றார். மாமா ஆட்டோ எலக்ட்ரீஷியன்.

மாமா வயரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மெஷின் மேல தப்பு இல்லண்ணே, வழி மேலதான் தப்பு" என்றார்.

டைனமோவிலிருந்து கட்டவுட் பெட்டிக்கு வந்த பழைய வயரையே ஆல்டர்நேட்டரிலும் மாட்டியிருந்தார்கள். பெட்டி இருந்த இடத்தில் இரண்டு வயரைக் கையால் முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தார்கள். அந்த முறுக்கு கருகிப் போயிருந்தது.

புகை ஏன் வந்தது?

அந்த முறுக்கின் மின்தடை வெறும் 0.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்குதான். ராத்திரி எல்லா லைட்டும் போட்டு, பேட்டரியும் சார்ஜ் ஆகும்போது 30 ஆம்பியர் ஓடியிருந்தால்,

வெப்பமாகும் திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை
= 30 × 30 × 0.05 = 45 வாட்.

ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் 25 வாட்தான்! விரல் நுனி அளவு முறுக்கில் 45 வாட் உண்டானால் டேப் உருகாமல் என்ன செய்யும்?

அதே முறுக்கில் டைனமோ காலத்தில் 15 ஆம்பியர் ஓடியிருந்தால் 15 × 15 × 0.05 = 11 வாட். சூடாகும், ஆனால் அவ்வளவு சீக்கிரம் தீயாது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும்.

வயரின் தடிமனுக்கும் இதே கணக்குதான். தாமிரத்தின் மின்தடை எண் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். 2 மீட்டர் நீள வயரில் 36 ஆம்பியர் ஓடினால்:

2.5 சதுர மி.மீ. வயர்: மின்தடை 0.0136 ஓம், இழப்பு 0.49 வோல்ட், வெப்பம் 17.6 வாட்
6 சதுர மி.மீ. வயர்: மின்தடை 0.0057 ஓம், இழப்பு 0.2 வோல்ட், வெப்பம் 7.3 வாட்

தடிமனான வயருக்கு விலை அதிகம்தான். ஆனால் மெல்லிய வயரில் மிச்சம் பிடித்த காசு புகையாகத்தான் போகும்.

மாமா வயரிங் செய்த விதம்

நான் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அதை வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். ஏனென்றால் எர்த் மாட்டியிருக்கும்போது மற்ற முனையைக் கழற்றினால், ஸ்பானர் வண்டி பாடியில் பட்டவுடன் ஷார்ட் ஆகும்.

2. பாடியில் சேர்ந்திருப்பது பேட்டரியின் எந்த முனை என்று பார்க்க வேண்டும். பழைய இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பிளஸ் முனை எர்த்தாக இருந்தது. ஆல்டர்நேட்டருக்கு மைனஸ் முனைதான் எர்த். மாற்றிக் கொடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் டயோடுகள் போய்விடும்.

3. டைனமோவில் இரண்டு வயர் இருக்கும். 'டி' என்பது தடிமன், 'எஃப்' என்பது மெல்லியது. இரண்டும் கட்டவுட் பெட்டிக்குப் போகும். வயரின் நிறத்தை நம்பக் கூடாது. இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் மாற்றினார்களோ! ஒவ்வொன்றையும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துச் சீட்டு ஒட்டினார் மாமா.

4. ஆல்டர்நேட்டரின் பெரிய பிளஸ் முனையிலிருந்து புதிய 6 சதுர மி.மீ. வயர் இழுத்து, செல்ஃப் மோட்டார் சொலினாய்டில் பேட்டரி வயர் வந்து சேரும் போல்ட்டில் மாட்டினார். அந்தப் போல்ட்டுக்குப் பக்கத்தில் 60 ஆம்பியர் ஃபியூஸ். இந்தப் பெரிய மின்னோட்டம் இப்போது டாஷ்போர்டு பக்கமே போகாது.

5. பழைய 'டி' வயரை இரண்டு முனையிலும் கழற்றி, மூடிக் கட்டிவிட்டார். அதற்கு ஓய்வு.

6. கட்டவுட் பெட்டியிலிருந்து லைட், ஹாரனுக்குப் போகும் வயர்களையும் பேட்டரியிலிருந்து வரும் வயரையும் ஒரே போல்ட்டில் லக் போட்டு இறுக்கினார். முறுக்கு இல்லை, டேப் இல்லை. பெட்டியின் உள்பாகம் எதிலும் சேரவில்லை.

7. சார்ஜிங் லைட்டின் வயரைப் பழைய மெல்லிய 'எஃப்' வயரோடு இணைத்து, அதன் மறுமுனையை ஆல்டர்நேட்டரின் சின்ன முனையில் (ஐ.என்.டி.) மாட்டினார். வழி இதுதான்: பேட்டரி → சாவி → சார்ஜிங் லைட் → ஐ.என்.டி. முனை.

8. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டையைத் துரு போகத் தேய்த்து மாட்டினார். போன மின்சாரம் திரும்பி வரவும் வழி வேண்டுமே!

9. ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 12 மி.மீ. உள்ளே போகணும். அதற்கு மேல் போனால் பெல்ட் வழுக்கும். போகவே இல்லை என்றால் பேரிங் கெடும்.

சின்ன பல்பின் பெரிய வேலை

டாஷ்போர்டில் சிவப்பாக எரியும் சார்ஜிங் லைட் வெறும் எச்சரிக்கை விளக்கு என்றுதான் நான் நினைத்தேன். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ரோட்டார் காந்தமானால்தான் மின்சாரம் வரும். மின்சாரம் வந்தால்தான் ரோட்டார் காந்தமாகும். கோழி முதலா, முட்டை முதலா கதை! சாவி போட்டதும் அந்த 2.2 வாட் பல்பு வழியாகப் போகும் சின்ன மின்னோட்டம்தான் ரோட்டாரை முதலில் காந்தமாக்குகிறது. எஞ்சின் ஓடியதும் ஐ.என்.டி. முனையிலும் பேட்டரிக்குச் சமமான மின்னழுத்தம் வந்துவிடும். பல்பின் இரண்டு பக்கமும் சமம். மின்னழுத்த வேறுபாடு இல்லாத இடத்தில் மின்னோட்டம் இல்லை, அதனால் பல்பு அணைகிறது. பல்பு பியூஸ் போனால் சிலோ ஸ்பீடில் சார்ஜ் ஆரம்பிக்காமல் போகலாம். அதனால் சாவி போட்டதும் அது எரிகிறதா என்று தினமும் பார்க்கணும்.

சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துப் பார்த்தோம். நல்ல பேட்டரி என்றால் எஞ்சின் நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை இருக்கலாம். 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றிவிடும். பெரியப்பா வண்டியில் 14.1 காட்டியது. எல்லா லைட்டையும் போட்டு, ஆல்டர்நேட்டர் பிளஸ்ஸுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவில் மீட்டர் வைத்தபோது 0.2 வோல்ட். நோட்டில் நான் போட்டு வைத்திருந்த கணக்கும் அதுதான்!

அப்போது கடைக்கு வந்த ஒருவர், "பொம்பளப் பிள்ளைக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டார். மாமா நிமிரவே இல்லை. "மீட்டர் வைக்கிறதுக்கு முன்னாடியே எவ்ளோ வரும்னு சொன்னது அவதாங்க" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை, நோட்டை மட்டும் மூடிக்கொண்டேன்.

செய்யவே கூடாதவை

* எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் 'சார்ஜ் வருதா' என்று பார்ப்பது. டைனமோ காலத்துப் பழக்கம் இது. ஆல்டர்நேட்டரில் மின்னழுத்தம் திடீரென எகிறி டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும்.
* பெரிய முனையைப் பாடியில் உரசிப் பொறி பார்ப்பது.
* ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவது.
* வண்டி பாடியில் வெல்டிங் வைக்கும்போது ஆல்டர்நேட்டர் வயரைக் கழற்றாமல் விடுவது.
* பெரியவர்கள் துணையில்லாமல் நாமாகவே இதைச் செய்து பார்ப்பது. பேட்டரியில் அமிலமும் இருக்கிறது, எரியும் வாயுவும் இருக்கிறது.

முடிவுரை

பழைய வண்டியில் புது மெஷின் வைப்பது தப்பில்லை. ஆனால் மெஷின் பெரிதானால் அதன் வழியும் பெரிதாக வேண்டும். இது காருக்கு மட்டும் இல்லை. வீட்டில் பழைய வயரிங்கிலேயே கிரைண்டர், ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் ஒரே பிளக்கில் மாட்டுகிறோமே, அங்கேயும் இதே கணக்குதான். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பிளக் பாயின்ட் பழுப்பு நிறமாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் தொடாமல் அப்பா அம்மாவிடம் சொல்லி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

மோட்டார் வாகன மெக்கானிக் தொழிலை ஐ.டி.ஐ.யில் படிக்கலாம், பெண் பிள்ளைகளும் சேரலாம். விருப்பம் உள்ள தோழியர் இப்போதே இயற்பியல் கணக்குகளை நன்றாகப் போட்டுப் பழகுங்கள்.

பெரியப்பா இப்போது மறுபடியும் ராத்திரி சவாரிக்குப் போகிறார். கிளம்புவதற்கு முன் பானெட்டைத் திறந்து அந்தத் தடிமன் வயரை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

சிந்தித்து விடை சொல்லுங்கள்

1. ஒரு வயரில் ஓடும் மின்னோட்டம் மூன்று மடங்கானால் வெப்பம் எத்தனை மடங்காகும்?
2. எஞ்சின் ஓடும்போது சார்ஜிங் லைட் ஏன் அணைந்திருக்கிறது?
3. ஆல்டர்நேட்டர் உள்ள வண்டியில் கட்டவுட் ஏன் தேவையில்லை?

(விடைகள்: 1. ஒன்பது மடங்கு. 2. பல்பின் இரண்டு பக்கமும் மின்னழுத்தம் சமம். 3. டயோடு மின்னோட்டத்தைத் திரும்ப விடாது.)